சம்யுக்தா சொன்ன பொய்

"இனிமே பேசக் கூடாதுங்கக்கா. பாப்பா முழிச்சுட்டான்னா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்," என்று காதோரமாகச் சொல்லிவிட்டு, டெஸ்ட் எடுக்கிற ரெஜினா விளக்கை அணைத்தாள். கோகிலவாணி தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது, இன்னும் நாற்பது நிமிடத்துக்கு வாயைத் திறக்க முடியாது என்பது. காலை ஆறரை மணியிலிருந்து அவள் நெஞ்சுக்குள் ஒரு செய்தி துள்ளிக்கொண்டிருந்தது. திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் வரும் பஸ்ஸில் யாரிடமாவது கொட்டிவிடத் தவித்தாள். பக்கத்து சீட்டுக்காரி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண்ணிடம் வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் நின்றவர் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிவிட்டார். இந்த ரெஜினாவிடமாவது சொல்லியிருக்கலாம், சம்முவின் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து வெள்ளைப் பசையைத் தொட்டு ஒவ்வொரு ஒயராக ஒட்டிக்கொண்டிருந்தபோது. ஆனால் அப்போது சம்மு அழுதாள், தூக்க மருந்தைத் துப்பினாள், மறுபடியும் ஊற்ற வேண்டியிருந்தது, தோளில் போட்டுக்கொண்டு நாலடிக்கு நாலடி இடத்துக்குள் நடக்க வேண்டியிருந்தது. இப்போது தூங்கிவிட்டாள். நாலரை வயதுப் பிள்ளை, தலை நிறைய ஒயரோடு, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை அம்மாவின் கைக்குள். மூளைக்குள் ஓடுகிற மின்சாரம் அந்த ஒயர்கள் வழியாகப் போய் அதோ அந்தத் திரையில் கோடு கோடாக விழுகிறது. இ.இ.ஜி. என்று சொல்லப் பழகி நாலு வருஷம் ஆகிறது. திரை பாதிதான் தெரிகிறது, மீதியை ரெஜினாவின் தோள் மறைக்கிறது. இருக்கட்டும். கோடு என்ன சொன்னால் என்ன, காலையில் நடந்தது நடந்ததுதானே. என் பிள்ளை பொய் சொல்லிவிட்டாள். கோகிலவாணிக்குச் சிரிப்பு முட்டியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஆறரை மணிக்குத் தலைக்கு ஊற்றி, துவட்டி, எண்ணெய் ஒரு பொட்டும் படாமல் சீவி, நீலக் கவுனை மாட்டி, சம்முவைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் பைலை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள். பைல் என்றால் சாதாரணப் பைல் இல்லை, மூன்று ஊரின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் சேர்ந்து செங்கல் கனத்துக்கு ஆகிவிட்ட பைல். கட்டிலுக்குக் கீழே பாயில் பூபதி தூங்கிக்கொண்டிருந்தான். பனியன் துணி பின்னுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து, போட்ட சட்டையோடு விழுந்து கிடந்தான். நானும் வர்றேன் என்று சொன்னவன்தான். நீங்க தூங்குங்க மாமா, நான் பாத்துக்கறேன் என்று இவள்தான் தடுத்தாள். பைலோடு திரும்பி வந்தால் அறை முழுக்க வெள்ளை. நேற்று வாங்கிய பவுடர் டப்பா தலைகீழாகக் கிடக்கிறது. தரையில், மெத்தையில், பூபதியின் காலில், எல்லா இடத்திலும் பவுடர். நடுவில் சம்மு நிற்கிறாள், புருவம் நரைத்துப்போய். "யாரு சம்மு இதைக் கொட்டுனது?" பழக்கத்தில் கேட்ட கேள்வி. பதில் வரும் என்று கேட்டதில்லை. யாரு என்றால் அவளும் யாரு என்பாள். என்ன வேணும் என்றால் வேணும் என்பாள். கேட்ட கேள்வி சுவரில் எறிந்த பந்து மாதிரி திரும்பி வரும், அவ்வளவுதான். சோறு, தண்ணி, வா, போ, பூனை, அம்மா, அப்பா என்று விரல் விட்டு எண்ணிவிடலாம் அவள் சொற்களை. எல்லாமே கண்ணெதிரே இருக்கிற சாமான்கள். ஆனால் இன்றைக்கு அவள் யாரு என்று திருப்பிச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, வெள்ளை வெளேர் என்று இருந்த விரலை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற பூபதியைக் காட்டி, "அப்பா" என்றாள்.

அப்பாவாம். ஐயோ, அந்த முகம். கோகிலவாணி பைலைக் கீழே போட்டுவிட்டு அவளை அப்படியே வாரி எடுத்து முத்தம் முத்தமாகக் கொடுத்தாள், வாயெல்லாம் பவுடர், தும்மல் வந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, தரையைக் கூட்ட நேரமில்லை, கூட்டவும் மனசு வரவில்லை. தெரபி சொல்லித் தருகிற நூர்ஜகான் மிஸ் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஒன்றுக்குள் பந்தை ஒளிப்பார். எங்கே பந்து, எங்கே பந்து என்று மாதக்கணக்காக. ஒரு நாள் சொன்னார், "நமக்குத் தெரிஞ்சது அம்மாவுக்குத் தெரியாதுன்னு ஒரு நாள் பாப்பாவுக்கு வெளங்கும் பாருங்க. மத்த குழந்தைங்களுக்கு அது தானா வந்துரும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. இவளுக்கு வர்றப்போ நீங்க கண்ணால பாப்பீங்க." பார்த்துவிட்டேன் மிஸ். கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பவுடரைக் கொட்டியது அவளுக்குத் தெரியும். அம்மா பார்க்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மாவின் தலைக்குள் வேறொன்றை வைக்க முடியும் என்பதும் தெரிந்திருக்கிறது. கையில் இருக்கிற பவுடர் காட்டிக்கொடுத்துவிடும் என்று பின்னால் மறைத்திருக்கிறாள். மறைத்த கையாலேயே அப்பாவைக் காட்டிவிட்டாள், அது தெரியவில்லை. அடுத்த தடவை அதையும் தெரிந்துகொள்வாள். இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்வாள். பள்ளிக்கூடம் போய்ப் பென்சிலைத் தொலைத்துவிட்டு அவள் எடுத்துட்டா, இவள் எடுத்துட்டா என்பாள். வயசுக்கு வந்து ஸ்பெசல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு எங்காவது போவாள். போகட்டும். கோகிலவாணியின் மனசு பத்து வருஷம் ஓடிப் போய் நின்று மூச்சு வாங்கியது.

ரெஜினா நாற்காலியில் சற்று நகர்ந்ததில் திரை இன்னும் கொஞ்சம் தெரிந்தது. கோடுகள் வலப்பக்கமாக ஊர்ந்துகொண்டே இருந்தன, கரையோரத் தண்ணீர் மாதிரி அடங்கி. முதல் தடவை பார்த்தபோது இப்படியா இருந்தது. ஐந்து மாதக் குழந்தை அப்போது. அந்தத் திரையில் கோடு என்று ஒன்றே இல்லை, கோபத்தில் யாரோ கிறுக்கிவிட்ட பேப்பர் போல மேலும் கீழும் ஒன்றின் மேல் ஒன்றாக. படிக்காதவளுக்குக்கூடத் தெரிந்துவிடும், இதற்குள் ஒரு சிரிப்போ ஒரு பாட்டோ உட்கார இடமில்லை என்று. அதற்கு முந்தின ஒரு மாதம், அதை நினைக்கக் கூடாது, இன்றைக்கு நல்ல நாள், ஆனால் நினைப்பு சொன்ன பேச்சைக் கேட்கிறதா. தூங்கி எழுந்ததும் மடியில் உட்காரவைத்தால் குழந்தை இரண்டு கையையும் தூக்கி முன்னால் கொண்டுவந்து தலையைக் குனியும். நிமிரும். மறுபடி குனியும். பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. "பாரு கோகிலா, எம்புள்ள கும்பிடு போடறா," என்று பூபதிக்கு ஒரே பெருமை. அதைப் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தான். சொந்தபந்தமெல்லாம் கைகூப்பிய பொம்மை அனுப்பினார்கள். அவளுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது, ஒவ்வொரு கும்பிடுக்கும் பிறகு குழந்தையின் முகம் யாரோ பிடித்துத் தள்ளியது போலக் கலங்கும். நாலாம் மாதம் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு எப்போது நின்றது என்று யோசித்தால் தேதி தெரியவில்லை. காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் அந்தப் படத்தையும் சும்மா காட்டினார்கள். டாக்டரம்மா ஒருமுறை பார்த்தார். சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொருமுறை பார்த்தார். போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது கும்பிடு இல்லீங்க," என்றார். ஒவ்வொரு குனிதலும் ஒரு வலிப்பு. வாயில் நுரை, கை கால் வெட்டல், சாவிக்கொத்து, ஒன்றும் இல்லாமல், இவ்வளவு மரியாதையாகக்கூட வலிப்பு வருமா. பூபதி வராந்தாவில் நின்று ஸ்டேட்டஸை அழித்தான். விரல் மூன்று தடவை தப்பான இடத்தில் பட்டது.

அப்புறம் ஊசி. தினம் ஒரு ஊசி, பிஞ்சுத் தொடையில். பதினோராம் நாள் கும்பிடு நின்றது, ஆனால் முகம் உப்பி நிலா மாதிரி ஆகிவிட்டது, கன்னம் தொங்கியது, பசி பசி என்று ராப்பகலாக அழுகை. தெருவில் எல்லாரும் "பாப்பா நல்லா கொழுகொழுன்னு ஆயிருச்சே, என்ன குடுக்கறீங்க," என்றார்கள். அவள் சிரித்து வைத்தாள். மருந்து கொடுக்கிறோம் என்று எப்படிச் சொல்வது. ஊசிக்குப் பிறகு தண்ணீரில் கரைக்கிற பொடி. அது கண்ணைப் பாதிக்கலாம் என்று கண் பரிசோதனை. ஒன்றேகால் வயதில் வேறு மாதிரி ஆரம்பித்தது. விளையாடிக்கொண்டே இருப்பாள், கண் ஒரு இடத்தில் நிலைத்துவிடும், உதடு மட்டும் எதையோ சப்பும், கூப்பிட்டால் கேட்காது. அரை நிமிடம் கழித்துத் திரும்பி வருவாள், வந்ததும் தூங்கிவிடுவாள். வீட்டில் அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். பாப்பா போயிட்டு வந்தா. இன்னிக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தா. அதற்கு ஒரு மாத்திரை. மாத்திரை வந்த பிறகு போவது குறைந்தது, ஆனால் இருக்கிறவளும் முழுசாக இல்லை. எச்சில் வழியும், தலை சாயும், பொம்மையைக் கையில் கொடுத்தால் அது கையில் இருப்பதே தெரியாது. கழுத்து நின்றது ஒன்பதாம் மாதம், உட்கார்ந்தது ஒன்றரை வயதில், நடந்தது மூன்றை நெருங்கி. ஒருநாள் கேட்டேவிட்டாள். "டாக்டரம்மா, எம்புள்ள இப்படி இருக்கறது வலிப்புனாலயா, மருந்துனாலயா?" டாக்டரம்மா உடனே பதில் சொல்லவில்லை, அதனால்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது. "ரெண்டுந்தான். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஏன் வந்துச்சுங்கறதும் இன்னும் தெரியலை, அதுக்கும் இதுல பங்கு இருக்கலாம். ஆனா வலிப்பை அப்படியே விட்டா மருந்து பண்றதை விட ரொம்ப அதிகமா அது பண்ணிரும். அதனால இப்ப மருந்துதான்." அவிநாசித் தேருக்கு மறுநாள் கடைசியாகப் போயிட்டு வந்தாள். அது ஆயிற்று இரண்டு வருஷமும் ஒரு மாதமும். எட்டு மாதமாக மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது ராத்திரி ஒரு கால் மாத்திரை, கத்தியால் வெட்டினால் தூளாகிவிடுகிற கால் மாத்திரை, அது மட்டும் மிச்சம். குறைக்கக் குறைக்க, துடைக்கத் துடைக்கக் கண்ணாடி தெளிகிற மாதிரி, உள்ளேயிருந்து ஒரு பிள்ளை தெரிய ஆரம்பித்தாள். செருப்பை மாற்றிப் போட்டால் கோபப்படுகிற பிள்ளை. பூனையின் வாலை இழுத்துவிட்டு ஓடுகிற பிள்ளை. இன்றைக்கு இந்தக் கோடுகள் சரியாக இருந்தால் அந்தக் கால் மாத்திரையும் இல்லை.

சரியாக இருந்தால். அங்கேதான் முள் குத்தியது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சந்தோஷத்தின் நடுவிலிருந்தே வந்தது. அந்த ஒன்று, இரண்டு, மூன்று. கையைப் பின்னால் கொண்டுபோன பிறகு, விரலை நீட்டுவதற்கு முன்னால், சம்மு அப்படியே நின்றாளே, அது என்ன. பொய் யோசித்தாளா, போயிட்டு வந்தாளா.  பொய்க்கு முன்னால் ஒரு நிற்றல் வேண்டும்தான், எதைச் சொல்லலாம் என்று தேட வேண்டும்தான். ஆனால் அதே நிற்றல் மற்றதற்கும் உண்டு. கண் நகர்ந்ததா. அது தெரிந்தால் போதும். போயிட்டு வருகிறபோது கண் நகராது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கதவு. வெள்ளைத் தரை. சம்மு. யாரு சம்மு இதைக் கொட்டுனது. கை பின்னால் போகிறது. கண், கண், கண் எங்கே இருக்கிறது. டப்பாவைப் பார்த்தது போல இருக்கிறது. டப்பாவிலிருந்து அப்பாவிடம் போனது போல இருக்கிறது. இன்னொரு தடவை. இந்தத் தடவை கண் நன்றாகவே நகர்ந்தது, டப்பா, அப்பா, அம்மா, மூன்று இடத்திலும் நின்று நின்று. இல்லை, இதை இப்போது நான்தான் நகர்த்துகிறேன். நினைக்க நினைக்க நானே அந்தக் கண்ணைப் பிடித்து வேண்டிய பக்கம் திருப்புகிறேன். உதடு சப்பினாளா. பவுடர் உதட்டில் இருந்தது, நக்கியிருப்பாள், நக்குவது வேறு சப்புவது வேறு. பிறகு தூங்கினாளா. பஸ்ஸில் தூங்கினாள்தான், ஆனால் டெஸ்ட்டில் தூக்கம் வரட்டும் என்று நாலு மணிக்கே எழுப்பிவிட்ட பிள்ளை, எந்தப் பிள்ளையும் தூங்கும். அப்புறம் இன்னொன்று. அப்பா என்று சொன்னதே பொய்தானா. அங்கே படுத்திருந்தது அப்பாதானே. பூனை கிடந்தால் பூனை என்று காட்டுவது போல, போயிட்டு வந்து கண் திறந்ததும் முதலில் தெரிந்த ஆளைப் பேர் சொன்னாளோ என்னவோ. அப்படியானால் பொய்யும் இல்லை, நோய்தான். ஒரே மூன்று விநாடி. இந்தப் பக்கம் திருப்பினால் இத்தனை நாள் காத்திருந்த பிள்ளை. அந்தப் பக்கம் திருப்பினால் பழைய மாத்திரை, பழைய எச்சில், பழைய உறக்கம்.

டிக் என்று ஒரு சத்தம். ரெஜினா மௌஸை அழுத்தினாள். திரையில் ஒரு கோட்டின் பக்கத்தில் ஏதோ அடையாளம் வைக்கிறாள். ஏன் வைக்கிறாள். சம்மு நன்றாகத்தானே தூங்குகிறாள், இமை அசையவில்லை, மூச்சு சீராக வருகிறது, கழுத்தில் மிச்சமிருந்த பவுடர் வேர்வையில் திரண்டு மணக்கிறது. மறுபடியும் டிக். கோடுகள் இப்போது ஒரு பக்கமாக நடுங்கின, கிடுகிடு என்று பொடிப் பொடியாக, கோகிலவாணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. போச்சு. எல்லாம் போச்சு. தூக்கத்திலேயே வருகிறது, வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே வந்துகொண்டிருந்திருக்கிறது, இத்தனை நாளும். அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நடுக்கம் இன்னும் அதிகமானது. ரெஜினா திரும்பிப் பார்த்தாள். எழுந்து, காலணி இல்லாத பாதத்தோடு சத்தமில்லாமல் வந்து, கோகிலவாணியின் காதருகே குனிந்தாள். "அக்கா, பாப்பா கையைக் கொஞ்சம் விட்டுருங்க. நீங்க நடுங்கறது அவ கோட்டுல விழுது."

விட்டாள். விரல் விரலாக எடுத்தாள். இரண்டு கையையும் மடியில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி. நடுக்கம் வடிந்து, கோடுகள் பழையபடி ஊர்ந்தன. அந்த நடுக்கம் என்னுடையதா. என் பயமா அங்கே எழுதியது. வெட்கமாக இருந்தது, அதற்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்தது. தொடாமல் இருந்தால் என் பிள்ளை எவ்வளவு அமைதியாக இருக்கிறாள். மீதி இருந்த நேரம் முழுக்க அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தாள். டாக்டரம்மா கேட்பார். எப்போதும் கேட்கிற கேள்வி, நிலைகுத்திப் பாக்கறாளா. இல்லீங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மூன்று விநாடிதானே, யார் பார்த்தது, பூபதிகூடத் தூங்கிக்கொண்டிருந்தான். சொன்னால் மாத்திரை திரும்பி வரலாம். சொல்லாமல் விட்டு அது நிஜமாகவே அதுவாக இருந்து, ஒருநாள் படியில் நிற்கும்போதோ தண்ணித் தொட்டிக்குப் பக்கத்திலோ வந்தால். ஒரு பக்கம் போய்த் திரும்பினாள், மறு பக்கம் போய்த் திரும்பினாள். சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்ததும் சம்மு கண்ணை விழித்தாள், விழித்த வேகத்தில் நெற்றி ஒயரைப் பிடித்து இழுத்தாள். ரெஜினா விளக்கைப் போட்டாள்.

டாக்டரம்மாவின் அறைக்குள் போக மதியம் ஆகிவிட்டது. அவர் கம்ப்யூட்டரில் கோடுகளை ஓடவிட்டுப் பார்த்தார், நிறுத்தினார், பின்னால் போனார், மறுபடி ஓடவிட்டார். சம்மு மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டைக் குறிவைத்துக்கொண்டிருந்தாள். "நிலைகுத்திப் பாக்கறாளா?" என்று டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இன்னிக்கு காத்தால ஒரு மூணு செகண்டு நின்னாளுங்க," என்றாள் கோகிலவாணி. பவுடரைச் சொன்னாள், கையைப் பின்னால் கொண்டுபோனதைச் சொன்னாள். "கண்ணு நகந்துச்சா இல்லியான்னு எனக்குச் சத்தியமாத் தெரியலைங்க. நகந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நான் ஆசைப்பட்டு அப்படி நெனைக்கறனோ என்னமோ."

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். "நின்னதுக்கு அப்புறம் என்ன பண்ணா?"

"தூங்கிட்டு இருந்த அவங்கப்பாவைக் கைகாட்டி, அப்பான்னு சொன்னாளுங்க."

"பின்னால மறைச்ச கையை எடுத்தா?"

"ஆமாங்க. ஒத்தைக் கையை மட்டும்."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் சம்முவையே பார்த்தார். பிறகு சிரித்தார், சத்தமில்லாமல், தோள் குலுங்க. "போயிட்டு வந்த புள்ளைக்கு அடுத்த நொடியே அடுத்தவங்க மேல பழிபோடத் தெம்பு இருக்காதும்மா. ஒரு கையை மறைச்சு வெக்கணுங்கற நெனைப்பும் இருக்காது. அவ யோசிச்சிருக்கா. மூணு செகண்டுங்கறது அவளுக்கு நல்ல வேகம்." கம்ப்யூட்டரைக் காட்டினார். பழைய இடத்தில் சின்னதாக ஒரு சுவடு இருக்கிறது, பரவவில்லை, தூக்கம் தூக்கம் மாதிரியே இருக்கிறது. கால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தினால் திரும்ப வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆறு மாதம் கண்ணிலேயே வைத்திருக்க வேண்டும், வந்தால் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். "இன்னொண்ணும் சொல்றேன் கோகிலவாணி. மருந்தை நிறுத்துன உடனே ஓடிப்போய் மத்த புள்ளைங்களைப் புடிச்சுருவான்னு நெனைக்காதீங்க. ரெண்டு வருஷம் பின்னால இருக்கா. அது கொஞ்சம் குறையலாம், முழுசாக் குறையாமலும் இருக்கலாம். தெரபியை விட்டுராதீங்க." கோகிலவாணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது, எல்லாம் புரிந்தது. நல்ல வேகம் என்றது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றது.

வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் சம்முவை உட்காரவைத்துவிட்டுப் பூபதிக்குப் போன் போட்டாள். தூக்கக் குரலில், ஆனால் முதல் மணியிலேயே எடுத்தான். "என்ன சொன்னாங்க?"

"மாத்திரையை நிறுத்தலாமாமுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "சரி," என்றான். பிறகு மறுபடியும் "சரி சரி" என்றான்.

"மாமா, இன்னொரு சமாசாரம். காத்தால பவுடரைக் கொட்டுனது நீங்கதான்னு உங்க புள்ள சொல்லிட்டா."

"நானா? நான் தூங்கிட்டல்ல இருந்தேன். நான் எங்க கொட்டுனேன்?" என்று பதறியவன் பாதியில் நின்றான். பாயிலிருந்து எழுகிற சத்தம் கேட்டது. அறையைப் பார்க்கிறான் போலிருக்கிறது. "என்னைச் சொன்னாளா?" என்று மெதுவாகக் கேட்டான். "அவளாவேயா சொன்னா?"

"அவளாவேதானுங்க. கையை வேற பின்னால ஒளிச்சுக்கிட்டு."

"திருட்டுக் கழுதை," என்றான் பூபதி. அவன் குரலில் இப்படி ஒரு செருக்கைக் கும்பிடு வீடியோ எடுத்த நாளுக்குப் பிறகு அவள் கேட்டதில்லை. "நீ என்ன சொன்னே அவளை?"

"என்ன சொல்றது. தூக்கி முத்தங் குடுத்தேன்."

"திட்டலையா?"

"திட்டறதா?"

"பொய் சொன்னா திட்ட மாட்டாங்களா. நானெல்லாம் இப்படிப் பண்ணியிருந்தா எங்கம்மா வெளக்குமாத்தாலயே போட்டிருக்கும். திட்டு அம்மிணி. மத்த புள்ளைங்களைத் திட்டறாப்புல திட்டு."

போனை வைத்தாள். நாலரை வருஷத்தில் இந்தப் பிள்ளையை யாரும் திட்டியதில்லை. அழுதால் வந்துவிடும், அதிர்ந்தால் வந்துவிடும் என்று சத்தமாகக் கதவைக்கூடச் சாத்தாமல், தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு வளர்த்த பிள்ளை. புரியாத பிள்ளையை எதற்குத் திட்டுவது என்று இன்னொரு பக்கம். கண்ணு, சாமி, தங்கம் தவிர அவள் காதில் வேறொன்றும் விழுந்ததில்லை. கோகிலவாணி சம்முவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். திட்டுவதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரிப்பு வந்து வந்து போனது. புருவத்தை இறுக்கினாள்.

"சம்மு. இங்க பாரு. அம்மாவைப் பாரு. பவுடரை நீதானே கொட்டுனே? அப்பா கொட்டுனதா எதுக்குச் சொன்னே? அது பொய். பொய் சொல்லக் கூடாது. தப்பு. இன்னொரு தடவை சொன்னே, அம்மாவுக்குக் கெட்ட கோவம் வரும்." நினைத்ததை விடக் கடுமையாகவே வந்துவிட்டது குரல். பாதி புரிந்ததோ, கால்வாசி புரிந்ததோ. சம்மு அம்மாவின் முகத்தை வெறித்துப் பார்த்தாள். அசையாமல் பார்த்தாள். இந்தத் தடவை கோகிலவாணி எண்ணவில்லை. கீழுதடு மெல்லப் பிதுங்கியது, மூக்கு விடைத்தது, பெருமூச்சாக ஒரு காற்றை உள்ளே இழுத்து, பிறகு வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழுதாள், காலை உதைத்துக்கொண்டு, அம்மாவின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மனசு நொந்துபோன எல்லாப் பிள்ளைகளையும் போல.

பக்கத்து நாற்காலியில் பேரனோடு உட்கார்ந்திருந்த பெரியவர் பதறி எழுந்தார். "ஏன் சாமி பாப்பா இப்படி அழுகுது? ஒடம்புக்கு என்னம்மா பண்ணுது?"

"ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள் கோகிலவாணி. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். "சேட்டை பண்ணிட்டாளுங்க. திட்டுனேன்."